பழைய அடுப்பும் புதிய பாடமும்

பழைய மாணவன் ஒருவன்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என மலர்க்குழுவினர் கேட்டபோது, எதைப் பற்றி எழுதுவது என்று நான் நெடுநேரம் சிந்திக்கவில்லை. தம் ஆசிரியர்களின் அருமையை எழுதுவோர் பலர் உளர். விளையாட்டு மைதானத்தில் ஈட்டிய வெற்றிகளை நினைவுகூர்வோரும் உளர். அப்பணியை அவர்களுக்கு விட்டுவிட்டு, எங்கள் வீட்டுச் சமையலறையில் 1989ஆம் ஆண்டு முதல் இருந்துவரும் ஓர் அடுப்பைப் பற்றி எழுதத் துணிந்தேன். கல்லூரி மலரில் அடுப்புக்கு என்ன இடம் என வினவும் அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள்வார்களாக. கட்டுரை முடியுமுன் அவ்வடுப்பு நம் கல்லூரியின் பௌதிக ஆய்வுகூடத்தின் வாயிலுக்கு வந்து நிற்கும்.

என் மூத்த சகோதரியார் 1984ஆம் ஆண்டில் வீட்டுப் பணிப்பெண்ணாகச் சவூதி அரேபியாவுக்குச் சென்றார். 1977ஆம் ஆண்டின் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. கடைகளில் பொருள்கள் நிறைந்தன. ஆயின் அவற்றை வாங்கப் பணம் வேண்டுமன்றோ? அப்பணத்தைத் தேடி நம் மாவட்டத்துத் தோட்டங்களிலிருந்தும் கிராமங்களிலிருந்தும் பெண்கள் பலர் கடல் கடந்தனர். அக்கா ஐந்து ஆண்டுகள் பிறர் வீட்டில் உழைத்துத் திரும்பியபோது, இரு கம்பளிகளும், ஒரு வானொலிப் பெட்டியும், மரப்பெட்டியில் ஒரு நுண்ணலை அடுப்பும் உடன் வந்தன. அவ்வடுப்பு 1970களின் பிற்பகுதியிற் செய்யப்பட்டது. அவர் வேலை செய்த வீட்டினர் புதியது வாங்கியபோது கழித்துவிட்டதை அவர் கேட்டு வாங்கி வைத்திருந்தார். ஆக, எங்கள் வீட்டுக்கு வரும்போதே அது பழம்பொருள்.

தீயில்லாமற் சோறு சூடாவதைக் கண்டு எம் அன்னையார் முதலில் அஞ்சினார். ஒரு கிழமைக்குள் இரவுச் சோற்றைக் காலையில் அதிலே சூடாக்கப் பழகிக்கொண்டார். உருக்குத் தகட்டாலான உடல், இழுத்துத் திறக்கும் கனத்த கதவு, திருகும் குமிழ் ஒன்று, நேரம் முடிந்ததும் ஒலிக்கும் மணி ஒன்று. இவ்வளவே அதன் அணிகலன். ஆனால் அதனிடம் ஒரு புதிர் இருந்தது. பத்து நிமிடத்துக்குக் குமிழைத் திருகினால், சுவர்க்கடிகாரத்தின்படி பன்னிரண்டு நிமிடம் கழித்தே மணி ஒலிக்கும். பழுதோ என ஐயுற்று அக்காவிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, “அங்கே ஓடியோடி உழைத்தது, தம்பி, ஊருக்கு வந்த பிறகு ஆறுதலாக நடக்கிறது,” என்றார்.

அவ்விடை எனக்கு இனித்தது. ஆயினும் மனம் அமையவில்லை. ஒரு நாள் அடுப்பின் முதுகிலே பொறித்திருந்த சிறு தகட்டைத் துடைத்துப் பார்த்தேன். 220 வோல்ற்று, 60 சுற்று என்றிருந்தது. அக்கணமே, நம் கல்லூரி வகுப்பறையில் ஆடலோட்ட மின்னைப் பற்றி ஆசிரியர் கரும்பலகையில் வரைந்த அலைக்கோடு என் கண்முன் தோன்றிற்று. சவூதி அரேபியாவில் மின்னோட்டம் செக்கனுக்கு 60 முறை சுற்றுகிறது; இலங்கையிலோ 50 முறை. அடுப்பின் நேரக்கணிப்பிக்குள் இருக்கும் சிறு மோட்டர் அச்சுற்றுக்களை எண்ணியே நேரத்தை அளக்கிறது. 60க்கு 50, பன்னிரண்டு நிமிடத்துக்குப் பத்து நிமிடம். கணக்கு ஒரு மயிரிழையும் பிசகவில்லை. பரீட்சைக்காக மனனம் செய்த பாடம் பதினைந்து ஆண்டுகளின் பின் சமையலறையில் வந்து விளங்கியதென்றால், அப்பாடத்தைக் கற்பித்தவரை நான் எங்ஙனம் மறப்பேன்!

இந்த 50 சுற்று எங்கிருந்து வருகிறது? தொலைவிலிருந்து மட்டுமன்று. மகாவலி நீர் பொல்கொல்லையில் மறிக்கப்பட்டு, ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் நீளமான சுரங்க வழியாக வந்து, 1976ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய உக்குவளை மின்னிலையத்தின் சுழலிகளைத் திருப்பிச் சுதுகங்கையில் விழுகிறது. அதன்பின் அந்நீரே போவத்தென்னை நீர்த்தேக்கத்தை நிரப்புகிறது. அந்நீர்த்தேக்கத்தின் பொருட்டே நாலந்தாவிலுள்ள பழங் கற்கோயிலான கெடிகே 1970களிற் கல்கல்லாகக் கழற்றப்பெற்று, உயர்ந்த இடத்தில் மீண்டும் எழுப்பப்பெற்றது. மின்னுக்கும் நீருக்குமாக நிலத்தை விட்டுக்கொடுத்தபோதும், முன்னோர் செய்ததைக் கைவிடலாகாது என்று ஒரு நாடு எண்ணிய செயல் அது. நம் மாவட்டத்தில் நிகழ்ந்த அச்செயலை மனத்திற்கொண்டு, மேலும் சொல்ல விரும்புவதைச் சொல்கிறேன்.

பழைய கற்களைக் காப்பது அறிவுடைமை என்பதை எல்லோரும் ஒப்புவர். பழைய அடுப்பைக் காப்பது பைத்தியம் என்றே பலர் நினைக்கின்றனர். இக்கருத்து பிழை என்பது என் துணிபு. அதே வேளை, பழையது யாவும் நன்று எனக் கொண்டு, கிடைத்ததையெல்லாம் மின்னில் மாட்டி இயக்குவோர் கருத்தும் பிழை. எதை இயக்கலாம், எதை வைத்திருக்க மட்டும் செய்யலாம் எனப் பகுத்தறியும் கல்வியே பழம்பொருள் சேர்ப்போனுக்கு முதல் தகுதி. அக்கல்வியைக் கொடுக்கவேண்டிய இடம் பாடசாலை.

நுண்ணலை அடுப்பின் வரலாறு சுருங்கியது, ஆயின் வியக்கத்தக்கது. 1940ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜோன் றண்டால், ஹரி பூட் என்னும் பௌதிகவியலாளர் இருவர், பகை விமானங்களை இருளிலும் காட்டும் றேடார்க் கருவிக்காக ஆற்றல் மிக்க மக்னெற்றன் குழாயை ஆக்கினர். போர்க்காலத்தில் அக்குழாய்களைத் திரளாகச் செய்த அமெரிக்க நிறுவனங்களுள் றேதியன் ஒன்று. அங்கே பணியாற்றிய பேர்சி ஸ்பென்சர், இயங்கும் மக்னெற்றன் ஒன்றின் அருகே நின்றபோது தம் சட்டைப்பையிலிருந்த இனிப்புக்கட்டி உருகியதைக் கண்டார் என்பர். உருகியதைத் துடைத்துவிட்டுப் போயிருக்கலாம், அவர் போகவில்லை. ஏன் உருகிற்று என்று கேட்டார். சோளத்தைப் பொரித்துப் பார்த்தார். முட்டையை வைத்துப் பார்த்தார். 1947ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த முதல் அடுப்பு ஆளுயரமும் ஏறத்தாழ 340 கிலோகிராம் நிறையும் உடையது. அதன் குழாயைக் குளிர்விக்க நீர் ஓடவேண்டியிருந்தது. 1967ஆம் ஆண்டில் அமானா என்னும் பெயரோடு 495 டொலருக்கு வந்த அடுப்பே மேசைமேல் வைக்கத்தக்கதாய் அமெரிக்க இல்லங்களிற் பரவிற்று. யப்பானில் ஷார்ப் நிறுவனம் 1960களில் இத்துறையில் இறங்கி, சுழலும் தட்டை அமைத்து அடுப்பை மேலும் பயனுடையதாக்கிற்று. போருக்குப் பிறந்த கருவி சோற்றுக்குப் பயன்பட்டது. மனிதன் செய்த நல்ல மாற்றங்களுள் இதுவும் ஒன்று.

இனி, பழைய அடுப்புக்களின் சிறப்பு யாது? அவற்றின் உறுப்புக்கள் சில. ஒவ்வொன்றும் தனித்தனியே கண்ணுக்குத் தெரிபவை. வீட்டு மின்னை உயர்த்தும் கனத்த நிலைமாற்றி, கொள்ளளவி, இருவாயி, மக்னெற்றன், காற்றாடி, நேரக்கணிப்பி. இவற்றோடு கதவைத் திறந்தால் மின்னை நிறுத்தும் ஆளிகள். எது பழுதென்று தேடிக் கண்டு அதை மட்டும் மாற்றலாம். இக்காலத்து அடுப்புக்கள் பலவற்றில் தொடு பலகையோ மின்சுற்றுப் பலகையோ பழுதானால், ஏனைய உறுப்புக்கள் யாவும் நலமாயிருக்க, அடுப்பு முழுவதும் குப்பைக்குப் போகிறது. புதியவற்றில் நன்மை இல்லையென்று நான் கூறவில்லை. வெப்பத்தைச் சீராகக் குறைத்து வழங்கும் ஆற்றல் புதியவற்றிற் சிலவற்றுக்கு உண்டு. பழையவையோ முழு ஆற்றலோடு எரிந்தும் அணைந்தும் அக்குறையை ஈடுசெய்கின்றன. ஆயினும் திருத்தத்தக்க பொருளைத் திருத்தாமல் எறிவது செல்வமுமன்று, நாகரிகமுமன்று.

எங்கள் அடுப்பும் ஒருமுறை மடிந்து எழுந்தது. 60 சுற்றுக்கெனச் செய்த நிலைமாற்றி 50 சுற்று மின்னில் இயங்கும்போது அதன் இரும்பகம் தாங்கக்கூடியதை மிஞ்சிக் காந்தமேற்று வெம்மையடையும். அந்த உறுமலை நாங்கள் பல ஆண்டு கேட்டும் பொருள் அறியாதிருந்தோம். ஒரு மாசிமகத் திருவிழா நாளில், வீடு நிறைய விருந்தினர் இருக்கையில், அது கருகி மணந்தது. மாத்தளை நகரில் வானொலி திருத்தும் சிறு கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர், வேறொரு பழுதான அடுப்பிலிருந்து 50 சுற்றுக்குரிய நிலைமாற்றியை எடுத்துப் பொருத்தித் தந்தார். நேரக்கணிப்பியையும் மாற்றட்டுமா என்று அவர் கேட்டபோது அக்கா வேண்டாமென்றார். ஆதலின் எங்கள் வீட்டில் இன்றும் பத்து நிமிடமென்றால் பன்னிரண்டு நிமிடம். அப்பெரியவர் இப்போது இல்லை. அவர் கடை இருந்த இடத்தில் கைத்தொலைபேசி விற்கிறார்கள். அவருடைய கைத்திறனை எழுதிவைத்தவர் எவருமிலர். பழைய கருவிகள் அழிவதைவிட, அவற்றை அறிந்த கைகள் அழிவதே பெரிய இழப்பு.

இத்துணை கூறியபின் மறுபக்கத்தையும் கூறாவிடின் நான் குற்றவாளியாவேன். சில ஆண்டுகளுக்கு முன் என் மருமகன், நான் சேர்த்து வைத்திருந்த வேறோர் பழைய அடுப்பைத் திறந்தான். மின்னிணைப்பைக் கழற்றிவிட்டோமே, இனி என்ன அச்சம் என்பது அவன் எண்ணம். உள்ளே திருகாணியைத் தேடிய கை கொள்ளளவியின் முனையைத் தொட்டது. அவன் எதிர்ச்சுவரிற் போய் விழுந்தான். விரல்கள் இரண்டு கருகின; உயிர் தப்பியது இறைவன் அருள். மின்னைத் துண்டித்த பின்னும் கொள்ளளவி ஆயிரக்கணக்கான வோல்ற்று மின்னேற்றத்தைத் தன்னுள் வைத்திருக்கக்கூடும் என்பதை நான் அறிந்திருந்தேன், அவனுக்குச் சொல்லவில்லை. அடுப்பின்மேற் பழியில்லை. அறிந்ததைச் சொல்லாமற் பொருளை மட்டும் சேர்த்துவைத்த என்மேலேயே பழி. இக்கட்டுரையை நான் எழுதுவதற்கு அக்கருகிய விரல்களே மெய்யான காரணம்.

ஆகையால், பழைய நுண்ணலை அடுப்பைச் சேர்க்க விரும்பும் அன்பர்களுக்கு நான் அறிந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். முதலில் முதுகுத் தகட்டைப் படியுங்கள். அமெரிக்க அடுப்பு 120 வோல்ற்று, 60 சுற்றுக்குரியது. யப்பானியது 100 வோல்ற்றுக்குரியது, அதிலும் அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் 50 சுற்றும் மேற்குப் பகுதியில் 60 சுற்றும் வழங்குகின்றன. நமது 230 வோல்ற்றைக் குறைக்கும் பெட்டியை இடையில் வைத்தாலும் சுற்று மாறாது என்பதை மறவாதீர்கள். இரண்டாவது, ஆண்டைப் பாருங்கள். கதவு வழியே கசியும் அலைகளுக்கு அமெரிக்கா சட்டவரம்பு விதித்தது 1971ஆம் ஆண்டில். அதற்கு முற்பட்டவற்றைக் காட்சிக்கு வையுங்கள், சமையலுக்கு வேண்டாம். மூன்றாவது, கதவைப் பாருங்கள். அது கோணியிருந்தாலும், கண்ணாடியின் உள்ளே உள்ள துளைத்தகடு கிழிந்திருந்தாலும், விளிம்பு துருப்பிடித்திருந்தாலும், திறந்தவுடன் நிற்காவிட்டாலும் அதை இயக்கலாகாது. நான்காவது, கொள்ளளவியைத் திறமையுள்ளவர் ஒருவர் மின்னிறக்கம் செய்யாதவரை மேற்கூட்டைக் கழற்றவே வேண்டாம். பழைய கொள்ளளவிகள் சிலவற்றில் நஞ்சான எண்ணெய் உண்டு. மக்னெற்றன்கள் சிலவற்றின் வெண்ணிற மட்பாகத்தில் பெரிலியம் உண்டு. அதை உடைத்துத் தூளாக்கினால் அத்தூள் நுரையீரலைக் கெடுக்கும். நிலைமாற்றியைக் கழற்றி மரப்பலகையில் மின்னற்கோலம் எரிக்கும் விளையாட்டொன்று இணையத்தின்வழி இளைஞரிடையே பரவி, வெளிநாடுகளிற் பல உயிர்களைக் குடித்துவிட்டது. அதைக் கனவிலும் நினைக்கவேண்டாம்.

அடுப்பின் அலைகள் உடலிலே தங்கிவிடும், உணவு நஞ்சாகிவிடும் என்று அஞ்சுவோரும் உளர். அவ்வச்சத்துக்கு இடமில்லை. வானொலி அலைகளின் குடும்பத்தைச் சேர்ந்த இவ்வலைகள் உணவிலுள்ள நீரை அசைத்து வெப்பமாக்குகின்றன. மின் நின்றதும் அலையும் நின்றுவிடும். அஞ்சவேண்டியது கெட்ட கதவுக்கும் உயர்ந்த மின்னழுத்தத்துக்குமே. வீண் அச்சத்தை விலக்கி, வேண்டிய அச்சத்தை நிறுத்துவதும் கல்வியன்றோ?

இனி, தொடக்கத்தில் வாக்களித்தபடி, அடுப்பை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவருகிறேன். நம் கல்லூரியில் பழங்கருவிகளுக்கென ஒரு மூலை அமையவேண்டும் என்பது என் வேண்டுகோள். அதிலே இரண்டு நுண்ணலை அடுப்புக்கள் இருக்கட்டும். ஒன்று, மின்னிறக்கம் செய்து, இணைப்பு வடத்தை வெட்டி, பக்கத்தகட்டை நீக்கிக் கண்ணாடி பொருத்தி, உறுப்புக்களின் பெயர்களை எழுதிவைத்தது. மற்றது, சோதித்து நலமென உறுதிசெய்யப்பெற்று ஆசிரியர் முன்னிலையில் இயக்கத்தக்கது. ஒரு லீற்றர் நீரை அதில் ஒரு நிமிடம் வைத்து வெப்பமானியால் அளந்தால், வெப்பம் பத்துப் பாகை ஏறுமாயின் அடுப்பு நீருக்குக் கொடுத்த வலு 700 வாற்று என மாணவன் தன் கையாலேயே கணித்துவிடலாம். சுழல்தட்டை எடுத்துவிட்டு, பச்சை அப்பளங்களை வரிசையாகப் பரப்பிச் சில செக்கன்கள் வைத்தால், சிலவிடம் பொரிந்தும் சிலவிடம் பொரியாமலும் நிற்கும். பொரிந்த இடங்களின் நடுவே ஏறத்தாழ ஆறு சென்ரிமீற்றர் இருக்கும். அது அரை அலைநீளம். அதை இரட்டித்து, அடுப்பின் தகட்டிலுள்ள 2450 மெகாஹேர்ட்ஸ் என்னும் மீடிறனாற் பெருக்கினால், ஒளியின் வேகம் கிட்டத்தட்ட வந்து நிற்கும். ஒளியின் வேகத்தை அப்பளத்தால் அளந்த மாணவன் அதை வாழ்நாளில் மறவான்.

ஆயின் அம்மூலை பௌதிகத்துக்கு மட்டும் உரியதாகலாகாது. நம் இல்லங்களிற் பழம்பொருள்கள் ஏன் இத்துணை அருமையாயின? 1983ஆம் ஆண்டு ஆடியில் மாத்தளை நகரிலே தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. முத்துமாரியம்மன் ஆலயமும் தீக்கிரையாயிற்று. அம்மியும் உரலும், திருமணப் படமும், பாடசாலைச் சான்றிதழும், பாட்டன் வைத்திருந்த பித்தளை விளக்கும் ஒரே இரவிற் போய்விட்ட குடும்பங்கள் உண்டு. ஆலயம் மீண்டும் எழுந்தது; தேரும் ஓடுகிறது. ஆனால் வீட்டுப் பொருள்களை மீண்டும் எழுப்புவார் எவர்? எஞ்சியதையும் பழைய இரும்புக் கடைக்காரர் செம்புக்கு ஒரு விலை, இரும்புக்கு ஒரு விலை என நிறுத்து வாங்கிப் போகிறார். அவரை நோவதற்கில்லை, கொடுப்பவர் நாமே.

அரசர் கல்வெட்டுக்களைக் காக்க அரசாங்கம் உண்டு. தோட்டத்து லயன் அறையின் விறகடுப்பையும், மண்ணெண்ணெய் அடுப்பையும், பாலைவன நாட்டில் உழைத்த பெண் ஒருத்தி சுமந்துவந்த நுண்ணலை அடுப்பையும் காப்பவர் யார்? இம்மூன்றும் ஓர் அடுக்கில் நின்றால், நம் தாய்மாரின் நூறாண்டுக் கதையை அவையே சொல்லும். எங்கள் அடுப்பின் தகட்டிலுள்ள ‘60 சுற்று’ என்னும் எழுத்து அக்கதையின் ஓர் ஏடு. அது பௌதிகப் பாடம். அக்காவின் ஐந்தாண்டு வியர்வையின் சாட்சியும் அதுவே.

அண்மையில் அக்காவிடம் இவ்வெண்ணத்தைக் கூறி, “அடுப்பைக் கல்லூரிக்குக் கொடுத்துவிடலாமா?” என்று கேட்டேன். அவருக்கு இப்போது எழுபதுக்கு மேல். சற்றுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “கொடு தம்பி, ஆனால் அங்கே சும்மா மூடி வைக்கச் சொல்லாதே. பிள்ளைகள் பார்க்க அது வேலை செய்யவேண்டும்,” என்றார். பழம்பொருள் சேர்ப்போர் கொள்ளவேண்டிய கொள்கையை இதனினும் தெளிவாக என்னாற் சொல்ல இயலாது.

பழைய மாணவர்களே! உங்கள் வீட்டுப் பரணில் ஏதேனும் ஒரு பழங்கருவி தூசியேறிக் கிடக்கலாம். அதை நிறுத்து விற்குமுன் அதன் முதுகுத் தகட்டை ஒருமுறை துடைத்துப் பாருங்கள். அதைக் கொணர்ந்தவர் யார் என்று வீட்டிலுள்ள மூத்தோரிடம் கேட்டு எழுதிவையுங்கள். அவ்வெழுத்தோடு அது கல்லூரிக்கு வரட்டும். எங்கள் வீட்டு அடுப்பு முதலாவதாக வந்து காத்திருக்கும். மணி ஒலிக்க இரண்டு நிமிடம் சுணங்கினும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க அதன் அறிவுப்பணி!